பழைய ஜீப் வண்டிக்கு மாற்று இஞ்சின் தெரிந்தெடுத்தல்

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைச் சூழ்ந்த கரும்பு நிலங்களிலும், பண்ருட்டியின் செம்மண் முந்திரித் தோப்புகளிலும், சிதம்பரத்தைச் சார்ந்த களிமண் நஞ்சைகளிலும் பாதை என்பது பெயரளவில் மட்டுமே உண்டு. வெட்டுக் காலத்தில் கரும்பேற்றிய டிராக்டர் இழுவைகள் முழங்கால் ஆழத்துக்குத் தடம் பறித்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அத்தடங்கள் வாய்க்கால்களாகின்றன. இத்தகைய இடங்களுக்கென நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வண்டியை வாங்கி வைத்திருக்கும் நிலச் சொந்தக்காரர்கள், வண்டியின் சட்டமும் அச்சும் உறுதியாயிருந்தும் இஞ்சின் மட்டும் ஓய்ந்துபோகும் நிலையை என்றேனும் ஒருநாள் அடைகின்றனர். அப்பொழுது எந்த இஞ்சினை ஏற்றுவது என்ற வினா எழுகிறது. இதில் தவறினால் விளையும் நஷ்டம் சிறிதன்று. ஒரு போகத்தின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிட்டு, வண்டியையும் கொட்டகையில் நிறுத்திவிடக் கூடியது இது.

ஜீப் இந்நாட்டிற்கு வந்த வரலாற்றைச் சிறிது அறிந்திருத்தல் பயன்படும். ஏனெனில், இன்று பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் இஞ்சின்கள் யாவும் அவ்வரலாற்றின் எச்சங்களே. 1941 முதல் அமெரிக்கப் படையினருக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் இஞ்சின் 134 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 2,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 60 குதிரைசக்தியும் உடையது. நாடு விடுதலையடைந்த காலத்தை ஒட்டி மஹிந்திரா கம்பெனியார் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே.3பி என்னும் வகையில், அதே கொள்ளளவுக்கு ‘ஹரிக்கேன்’ என்ற புதிய இஞ்சின் வந்தது. அது 70 குதிரைசக்திக்கு மேற்பட்டது. பழைய இஞ்சினைவிட அது உயரமாயிருந்தமையால் முன்மூடியையே உயர்த்த வேண்டி நேர்ந்தது. இந்தியாவில் பல்லாண்டுகள் ஓடிய உயர்ந்த மூக்குள்ள ஜீப்பின் தோற்றத்திற்குக் காரணம் அழகன்று, இஞ்சினின் உயரமேயாகும். இஞ்சின் மாற்ற நினைப்போர் இதனை முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்: செய்த கம்பெனியாரே இஞ்சினுக்காக வண்டியை மாற்ற வேண்டியிருந்ததெனின், பட்டறையில் மாற்றுவோர் எவ்வளவு முன்யோசனை கொள்ள வேண்டும்!

பெட்ரோல் விலை ஏறிய பின்னர் டீசல் ஜீப்புகள் பெருகின. முதலில் வந்தது இண்டர்நேஷனல் பி.275 டிராக்டரின் இஞ்சினைச் சார்ந்தது. 1980க்குப் பின் பிரெஞ்சு தேசத்துப் பீஜோ கம்பெனியாரின் முறைப்படி செய்யப்பட்ட எக்ஸ்.டி.பி. 4.90 என்ற 2,112 கன சென்டிமீட்டர் இஞ்சின் வழக்கத்திற்கு வந்தது. அதன்பின் எம்.டி.ஐ. எனப்படும் 2,523 கன சென்டிமீட்டர் இஞ்சின் வந்தது. இதன் துளை 88.9 மில்லிமீட்டர், ஓட்டம் 101.6 மில்லிமீட்டர். மூன்றரை அங்குலமும் நான்கு அங்குலமுமாகிய இவ்வளவுகளே அதன் டிராக்டர் வமிசத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. 2010இல் வந்த ‘தார்’ வண்டியில் இந்த இஞ்சினும், கணிப்பொறியால் ஆளப்படும் 2,498 கன சென்டிமீட்டர் சி.ஆர்.டி.இ. இஞ்சினும் இருவகையாக விற்கப்பட்டன.

மாற்றுவதற்கு முன்

இஞ்சின் ஓய்ந்தது என்று தீர்ப்பளிப்பதில் அவசரம் கூடாது. புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். நீலப் புகை மசகெண்ணெய் எரிவதைக் குறிக்கும்; கரும் புகை எரிபொருள் முற்றும் எரியாமையையோ காற்று வடிகட்டி அடைபட்டதையோ குறிக்கும்; சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை, நீர் உள்ளே புகுவதைக் குறிக்கக்கூடும். கரும்புத் தோட்டங்களில் ஓடும் வண்டிகளில் சோகைத் தூசியால் காற்று வடிகட்டி அடைந்து, அதனால் இழுவை குறைந்திருப்பது மிகவும் சாதாரணம். சில நூறு ரூபாயில் தீரும் அக்குறைக்கு இஞ்சினையே மாற்றுவோரும் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளவுகருவி கொண்டு பார்த்து, நான்கும் ஏறக்குறைய ஒத்திருப்பின், வால்வு, எரிபொருட் பம்பு, முனைகள் ஆகியவற்றைச் சீர்செய்தல் போதும். பிளாக்கில் வெடிப்பில்லாமலும் கிராங்க் தண்டு கடைசல் அளவுக்குள்ளும் இருப்பின், போர் எடுத்துப் புது பிஸ்டனும் ரிங்குகளும் பொருத்துவதே, தெரியாத இடத்திலிருந்து வந்த தெரியாத இஞ்சினை ஏற்றுவதிலும் மேல். பழைய சாமான் கடையில் எல்லா இஞ்சினும் நல்ல இஞ்சினே. அதனைச் சொல்லுபவர் விற்பவர் என்பது மட்டும் கவனிக்கத்தக்கது.

அடுத்து வரவு செலவைப் பார்க்க வேண்டும். கணக்கின் பொருட்டு, ஒருவர் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுவதாகவும், பழைய பெட்ரோல் இஞ்சின் லிட்டருக்கு 8 கிலோமீட்டரும் டீசல் இஞ்சின் 12 கிலோமீட்டரும் கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 750 லிட்டர், டீசல் 500 லிட்டர் செலவாகும். லிட்டர் விலை முறையே 100, 92 ரூபாய் எனில் ஆண்டொன்றுக்கு மிச்சம் 29,000 ரூபாய். இஞ்சின், பொருத்துகூலி, உபகரணங்கள் யாவும் சேர்ந்து 1,80,000 ரூபாய் ஆயின், முதல் திரும்ப ஆறாண்டுகளுக்கு மேல் செல்லும். அவரே ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவராயின், பதினெட்டு ஆண்டுகள் கழிந்தும் முதல் திரும்பாது. தோட்டம் பார்த்துவர மட்டும் வண்டி வைத்திருப்போரில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினரே. அவர்களுக்கு எரிபொருள் மிச்சம் என்ற வாதம் செல்லாது. பழைய பெட்ரோல் இஞ்சினைப் புதுப்பித்துக்கொள்ளுதலே தகும்.

குதிரைசக்தியும் முறுக்குவலுவும்

இஞ்சின் தெரிந்தெடுப்பதில் நேரும் பிழைகளுள் பெரியது, குதிரைசக்தி ஒன்றையே நோக்குவது. குதிரைசக்தி என்பது வேலை நடக்கும் விரைவைக் குறிக்கும். தண்டைத் திருப்பும் பலமோ முறுக்குவலு எனப்படும். கவலை ஏற்றத்தில் சாலை இழுக்கும் எருதுகளைக் கொண்டு இதனை எளிதில் உணரலாம். நீர் நிரம்பிய சாலைத் தளராமல் மேலே கொணரும் பலம் ஒன்று. நாழிகைக்கு எத்தனை சால் இறைக்கின்றன என்பது வேறு. சேற்றில் மெல்ல நகரும் வண்டிக்கு வேண்டுவது முதலாவதே. அதுவும் இஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைத்தல் வேண்டும்.

ஹரிக்கேன் பெட்ரோல் இஞ்சினின் உச்ச முறுக்குவலு, நிமிடத்துக்கு 2,000 சுற்றில், ஏறக்குறைய 15.8 கிலோகிராம்-மீட்டர். எக்ஸ்.டி.பி. டீசல் இஞ்சினுக்கு அது ஏறக்குறைய 12 மட்டுமே. அதன் 60க்குச் சற்று மேற்பட்ட குதிரைசக்தி 4,500 சுற்றில்தான் கிடைக்கிறது. டீசல் என்றாலே இழுவை மிகும் என்று எண்ணி இதனை ஏற்றியோர், எரிபொருள் மிச்சத்தைக் கண்டனர். சேற்றில் இழுவை குறைந்ததையும் கண்டனர். டர்போ பூட்டிய எம்.டி.ஐ. இஞ்சினோ 63 குதிரைசக்தியே உடையதாயினும், 1,500 சுற்றை ஒட்டியே 18 கிலோகிராம்-மீட்டருக்குக் குறையாத முறுக்குவலு கொடுக்கிறது. குதிரைசக்தியில் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும் இவ்விரண்டு டீசல் இஞ்சின்களும் வயலில் முற்றிலும் வேறு வேறு மிருகங்கள்.

ஆயினும் இஞ்சினிலிருந்து வரும் முறுக்குவலு அப்படியே சக்கரத்தை அடைவதில்லை. இடையிலுள்ள பல்சக்கரங்கள் அதனைப் பெருக்குகின்றன. சி.ஜே.3பி வண்டியில் முதற் கியரின் விகிதம் 2.798, நான்கு சக்கரத் தாழ்கியரின் விகிதம் 2.46, அச்சின் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்க 37 வருகிறது. ஆகவே 15.8 என்பது சக்கரங்களில் 585 ஆகிறது. சக்கரத்தின் ஆரம் 0.35 மீட்டர் எனின், தரையில் தள்ளும் விசை 1,670 கிலோ. உராய்வில் நாலில் ஒரு பங்கு போயினும் 1,250 கிலோ மிஞ்சும். வண்டியின் வெற்றெடையோ ஏறக்குறைய 1,000 கிலோ. ஆளும் சாமானுமாக 1,200 கிலோ என்று கொள்ளலாம். ஈரக் களிமண்ணில் சக்கரம் பற்றக்கூடியது அவ்வெடையில் மூன்றில் ஒரு பங்களவே, அதாவது 400 கிலோ. எஞ்சிய விசை சக்கரத்தை வீணே சுழற்றிக் குழி தோண்டுவதற்கே உதவும்.

இக்கணக்கிலிருந்து தெளிவாவது யாதெனில், தாழ்கியர் ஒழுங்காயுள்ள பழைய ஜீப் சேற்றில் சிக்குவதற்குக் காரணம் இஞ்சினின் பலக்குறைவு அன்று. சக்கரத்தின் பிடிப்புக் குறைவேயாகும். ஆழ்ந்த வெட்டுள்ள டயர்கள், காற்றைச் சிறிது குறைத்து ஓட்டுதல், இவ்விரண்டும் பெரிய இஞ்சினைவிட அதிகம் உதவும். இஞ்சினிடம் கேட்க வேண்டியது, ஓட்டுநர் முடுக்கியில் காலை அழுத்தாமலே, 1,000 சுற்றளவில் இடறாமல் ஓடுகிறதா என்பது. அச்சுற்றில், 37 விகிதத்தில், வண்டி மணிக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர், அதாவது ஆள் மெல்ல நடக்கும் வேகத்தில் செல்லும். டீசல் இஞ்சினின் கவர்னர் அமைப்பு, பாரம் ஏறும்போது எரிபொருளைத் தானே கூட்டிச் சுற்றை ஒரு நிலையில் வைப்பதனால், இவ்வகை ஓட்டத்துக்கு அது மிகவும் ஏற்றது.

மற்றொரு விளைவும் உண்டு. எம்.டி.ஐ. இஞ்சின் 3,200 சுற்றோடு நின்றுவிடும். அச்சு விகிதம் 5.38 ஆகவே இருப்பின், நேர்கியரில் வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 78 கிலோமீட்டர் அளவே. பெட்ரோல் இஞ்சின் 4,000 சுற்றில் 98 கிலோமீட்டர் கொடுத்தது. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே செல்வோருக்கு இக்குறை ஒரு பொருட்டன்று. சென்னை வரை செல்வோர் சலிப்படைவர். அச்சின் பல்சக்கரத்தை மாற்றினால் வேகம் கூடும். ஆனால் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டால், நான்கு சக்கரமும் பூட்டியபொழுது அவை ஒன்றையொன்று எதிர்த்துப் பல்லை முறித்துவிடும்.

பந்தய வண்டியும் பண்ணை வண்டியும்

கோவாவில் 2014 முதல் நடைபெற்ற மழைக்காட்டுப் பந்தயம் போன்றவற்றைக் கண்டு, அங்கே ஓடும் வண்டிகளைப் போலத் தம் வண்டியையும் அமைக்க விரும்பும் இளைஞர்கள் கிராமங்களிலும் உளர். பந்தயத்தின் தேவை வேறு. அங்கே ஆழ்ந்த குழம்புச் சேற்றில் டயரின் வெட்டுகளில் அப்பிய மண்ணை உதறித் தள்ளுவதற்குச் சக்கரம் விரைந்து சுழல வேண்டும். விரைவுக்கு வேண்டுவது குதிரைசக்தி. மேலும், முன்பாரம் மிகுந்த வண்டி மூக்கால் புதையும். ஆதலால் இலேசான பெட்ரோல் இஞ்சினே பலரால் விரும்பப்படுகிறது. 1985இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸி வண்டி பந்தயக்காரர்களிடம் பெயர் பெற்றமைக்கு அதன் எடைக் குறைவே தலையாய காரணம். முதலில் அதில் இருந்தது 970 கன சென்டிமீட்டர், 45 குதிரைசக்தி இஞ்சின். பின்னர் 1,298 கன சென்டிமீட்டரில் 60ம், அதன்பின் 80ம் ஆயிற்று. அக்கம்பெனியின் கார்களில் வந்த, அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய இஞ்சின் சிறிய மாறுதலுடன் அதில் அமைவதும் ஒரு சௌகரியம்.

பந்தயக்காரர் ஒரு நாள் ஓட்டத்துக்குப் பின் இஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறார். அச்சு முறிந்தால் மாற்று அச்சு கூடவே வருகிறது. பண்ணைக்காரர் வெட்டுக் காலத்தின் நடுவில் அவ்வாறு செய்ய இயலாது. 105 குதிரைசக்தியும் 25 கிலோகிராம்-மீட்டர் முறுக்குவலுவும் உள்ள சி.ஆர்.டி.இ. இஞ்சினைப் பழைய மூன்று கியர்ப்பெட்டியின் முன் வைத்தால், பலம் குறைந்த இடம் எதுவோ அது முதலில் முறியும்: கிளச்சு, கியர்ப்பெட்டி, குறுக்கு மூட்டு, அச்சுத்தண்டு என்று வரிசையாக மாற்றிக்கொண்டே செல்ல நேரும். அதன் கணிப்பொறி, உணர்கருவிகள், கம்பிக்கற்றை யாவும் ஒன்றுவிடாமல் அதே வண்டியிலிருந்து வந்தாலன்றி இஞ்சின் கிளம்பவே கிளம்பாது. கிளம்பினும், குறை நேர்ந்தால் கிராமத்து மெக்கானிக்கின் கையில் தீராது. டிராக்டர் வழிவந்த இஞ்சினுக்கோ, டிராக்டர் பழுது பார்க்கும் எந்தப் பட்டறையிலும் வைத்தியர் உண்டு. பண்ணை வண்டிக்கு இந்த ஒன்றே பெரும்பாலும் முடிவைத் தீர்த்துவிடும்.

வெள்ளத்தைப் பற்றியும் கூற வேண்டும். 2015ஆம் ஆண்டு கார்த்திகை வெள்ளத்தைக் கண்ட கடலூர் ஜில்லாவினருக்கு, நீரில் இறங்கும் வண்டியின் அவசியத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெட்ரோல் இஞ்சினில் மின்பொறிக் கம்பிகள் நனைந்தால் வண்டி நின்றுவிடும். உலர்த்தினால் மீண்டும் ஓடும். டீசல் இஞ்சினுக்கு மின்பொறி வேண்டாமையால் நனைந்தும் ஓடும். ஆனால் காற்றுக் குழாய் வழியே நீரை உறிஞ்சிவிட்டால் கேடு பெரிது. நீர் காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டன் அதன்மீது மோத, கனெக்டிங் ராடு வளையும், பிளாக்கும் உடையும். எனவே டீசல் ஏற்றுவோர் காற்று வடிகட்டியை முன்மூடிக்கு மேல் உயரத்திற்கு எடுத்துக் கட்டுதல் அவசியம். நீரில் நின்றுபோன டீசல் வண்டியை உடனே தட்டிக் கிளப்ப முயலுதல் கூடவே கூடாது.

பொருத்தும் வேலை

இடம் அளப்பது முதல் வேலை. முன்மூடியின் உயரம், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் உள்ள இடைவெளி, ஸ்டியரிங் பெட்டிக்கும் புகைக்குழாய்க்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றோடு, முன்னச்சின் குண்டு மேலே எழும்பும்போது இஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் இடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். ஜீப்பில் அக்குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால், வேறு வண்டிக்கென்று செய்த எண்ணெய்த் தொட்டி பெரும்பாலும் இடிக்கும். பட்டை வில்லில் வண்டி நிற்கும்போது அளந்தால் போதாது. முன்பக்கம் முழுதும் அமுங்கிய நிலையில் அளத்தல் வேண்டும்.

இஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் இடைத்தட்டே உயிர்நிலை. கிராங்க் தண்டின் மையமும் கியர்ப்பெட்டித் தண்டின் மையமும் மயிரிழையும் பிசகாமல் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பிசகினால் முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாது. பின்னர் கிளச்சு உதறும், தண்டு முனையின் பேரிங் ஓசையிடும், இறுதியில் கியர் தானே கழன்று விழும். நல்ல லேத் பட்டறையில், மைய அளவுகருவி வைத்துக் கடைந்த தட்டாயிருத்தல் அவசியம். வெல்டிங் செய்து ஒட்டிய தட்டு மலிவாகக் கிடைப்பினும் கொள்ளத்தக்கதன்று. இணைத்த கியர்ப்பெட்டியுடன் ஒரே வண்டியிலிருந்து இறக்கிய இஞ்சின் கிடைக்குமாயின், இத்தொல்லை பெரிதும் நீங்கும்.

டீசல் இஞ்சின் எடை மிகுந்தது. முன் பட்டை வில்லுக்கு ஓர் இலை கூட்ட நேரலாம். அதனைக் கிளப்பப் பெரிய பேட்டரி வேண்டும். பிரேக்கிற்கு உதவும் வெற்றிட அமைப்பு வண்டியில் இருப்பின், டீசல் இஞ்சின் தானாக வெற்றிடம் தராதாகையால் அதற்கெனத் தனிப் பம்பு வேண்டும். இதை மறந்த வண்டிகள் கிளம்பும், நிற்கா.

கரும்புப் பகுதிக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள் உள. சோகைத் துணுக்குகள் ரேடியேட்டரின் இதழ்களில் படிந்து காற்றைத் தடுக்கும். தாழ்கியரில் மெல்ல ஓடும்போது எதிர்க்காற்றும் இராது. ஆதலால் ரேடியேட்டருக்கு முன் எளிதில் கழற்றித் தட்டக்கூடிய வலை ஒன்று வைத்தல் நன்று. இரண்டாவது, புகைக்குழாய் தாழ்ந்து சென்றால் உலர்ந்த சோகை அதில் ஒட்டித் தீப்பற்றும். ஒரு வண்டியோடு ஓர் ஏக்கர்க் கரும்பும் எரிவதற்கு அது போதும்.

பதிவும் ரசீதும்

பதிவுச் சான்றிதழில் இஞ்சின் எண், சாஸி எண், எரிபொருள் ஆகியன எழுதப்பட்டுள்ளன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியில்லா மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே அதே வகை, அதே எரிபொருள் இஞ்சினை மாற்றுவது ஒருவிதம். பெட்ரோலை எடுத்து டீசல் ஏற்றுவது முற்றிலும் வேறுவிதம். பின்னதை எண்ணுவோர் பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து விடை பெறுதல் வேண்டும். பொருத்திய பின் கேட்டால், சரியான விடை கிடைப்பினும் அது காலங்கடந்த விடையாகும். பதினைந்தாண்டு கழிந்து பதிவைப் புதுப்பிக்கச் செல்லும்போதுதான் பலருக்கு இது விளங்குகிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியாரும் இதையே முதலில் நோக்குவர்.

பந்தயத்துக்கென்றே மாற்றிய வண்டி தனியார் நிலத்துக்குள் ஓடுவதற்குத் தடையில்லை. அதைச் சாலையில் ஓட்டிச் செல்லாமல் லாரியில் ஏற்றிச் செல்லுதலே முறை.

சென்னைப் புதுப்பேட்டை முதலிய இடங்களில் பழைய இஞ்சின் வாங்குவோர், இஞ்சின் எண் குறித்த ரசீதையும், அது இருந்த வண்டியின் பதிவுச் சான்றிதழ் நகலையும் கேட்டுப் பெற வேண்டும். எண் தேய்க்கப்பட்ட அல்லது மீண்டும் பொறிக்கப்பட்ட இஞ்சினைத் தொடுதலும் ஆகாது. அது களவுப் பொருளாயின், வாங்கியவரும் வழக்கில் நிற்க நேரும். ரசீதில் விற்பவரின் முகவரியும் தேதியும் இருத்தல் வேண்டும். கடையிலேயே இஞ்சினைக் கட்டையில் ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லி, குளிர்ந்த நிலையில் எவ்வாறு கிளம்புகிறது, எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து புகை எவ்வளவு வருகிறது என்பதைக் காண வேண்டும். முன்பே சூடேற்றி வைத்த இஞ்சினைக் காட்டினால், மறுநாள் காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லித் திரும்பிவிடுதல் நலம்.